பியூரெட்டில் மிஞ்சியது எங்கே போகிறது?

சிலபஸ் வகுக்கும் பல்கலைக்கழக வேதியியல் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், பொள்ளாச்சி பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் தமிழ்நாடு வந்துவிடும் இடத்தில், இளநிலை மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். பாடம் இங்கிலீஷில், அறிவிப்பு மலையாளத்தில், சந்தேகம் மட்டும் தமிழில் வரும்.

2024இல் கேரளத்தில் நான்கு வருட இளநிலைப் படிப்பு வந்தபோது ஏதாவது மாறும் என்று நினைத்தேன். கழிவும் நச்சும் குறையச் செய்யும் பசுமை வேதியியல் இன்னும் மனப்பாடம்தான். அனஸ்டாஸும் வார்னரும் 1998இல் தந்த 12 கோட்பாடுகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறார்கள். இபுபுரூஃபென் என்ற வலி மாத்திரையின் கதையும் தெரியும்: பழைய வழியில் ஆறு படி, அணுச் சிக்கனம் (போட்ட பொருள்களின் எடையில் எவ்வளவு விளைபொருளாகச் சேர்கிறது என்ற கணக்கு) 40%, புதிய வழியில் மூன்றே படி, 77%. அப்புறம் மதியம் பிராக்டிக்கலில், பியூரெட் என்ற அளவுக் குழாயில் மிஞ்சிய டைக்ரோமேட் கரைசலை அதே பிள்ளைகள் சிங்க்கில் கவிழ்க்கிறார்கள். ஆரஞ்சு நிறம் ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டைக்குள் இறங்கும். அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் என்று காலையில்தான் எழுதியிருப்பார்கள். கிணற்றுத் தண்ணீருக்காக 2002இல் பிளாச்சிமடையில் கோகோ கோலா ஆலைக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்த மக்களின் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் இவர்கள்.

போன வருடம் ஒரு பேரல் வாங்கி வைத்தேன். மிஞ்சியதை அதில் ஊற்றி, அமிலம் சேர்த்து, லேபில் ஏற்கெனவே இருக்கும் ஃபெரஸ் (இரும்பு) உப்பைப் போட்டால் ஆறு இணைதிறன் குரோமியம் நச்சு குறைந்த மூன்று இணைதிறனாக மாறி, ஆரஞ்சு போய்விடும். பிறகு சுண்ணாம்பு. அடியில் பழுப்பும் பச்சையுமாகச் சேறு படியும். அதைத் தனியே எடுத்துவைக்கிறோம். இதற்கு மார்க் கிடையாது, அதனால் நான் பார்க்காதபோது சிங்க்தான்.

இன்னொன்று. அசிட்டனிலைடு என்ற சேர்மத்தில் புரோமினை ஏற்றும் சோதனைக்குத் திரவப் புரோமினை விட்டுவிட்டு, பொட்டாசியம் புரோமைடும் செரிக் அம்மோனியம் நைட்ரேட்டும் போடுவதைப் பசுமை முறை என்கிறோம். செய்தோம், கண் எரிச்சல் இல்லை, எல்லாருக்கும் மகிழ்ச்சி. பின் பெஞ்ச் மாணவி ஒருத்தி கணக்குப் போட்டுக் காட்டினாள்: "மிஸ், புரோமினுக்கு அணுச் சிக்கனம் 73 வருது. இதுக்கு 16தான். அப்ப எது பசுமை?" செரியம் உப்பின் மூலக்கூறு எடை 548, அதுவும் இரண்டு வேண்டும். அவள் கணக்கு சரி. பாதுகாப்பில் ஜெயித்தது, கழிவில் தோற்றது. அரை மணி நேரம் வகுப்பே சண்டை போட்டது. அந்த வருடம் நான் எடுத்த வகுப்புகளில் உருப்படியானது அதுதான், ஆனால் சிலபஸில் அதற்கு இடமில்லை.

தனித் தாள் ஒன்றும் கேட்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழே இரண்டு வரி போதும்: என்ன மிஞ்சியது, அதை என்ன செய்தாய். அதற்கு மார்க் வையுங்கள். அணுச் சிக்கனத்தைத் தன் சோதனைக்குத் தானே கணக்கிடட்டும். எக்ஸ்டெர்னலாக வருகிறவர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியாக அந்த இரண்டு வரியைக் கேட்கட்டும். பேரல் லேப் வாசலிலேயே இருக்கிறது, திறந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
எல்லையோரக் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆசிரியை