குருவிக்கு, இன்டர்வியூ விஷயமா

அடியே குருவி,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் மூணையும் நேத்து காலைல நைட் ஷிப்ட் முடிச்சு எம்ஆர்டி ரயில்ல வரும்போதுதான் கேட்டேன், ஈசூன்ல எறங்க வேண்டியவ கேட்டுகிட்டே அட்மிரல்டி வரைக்கும் போயிட்டேன். அங்க கோப்பிக்கடைல ஒரு தே ஓ டீ வாங்கி வச்சுகிட்டு மறுபடி கேட்டேன். 300 கேள்வி இருக்குற அந்த பேன்ஸ் லைசென்ஸ் பரிட்சைய ஒரே நாள்ல ஒக்காந்து எழுதி பாஸ் பண்ணுனவ, அரை மணி நேர இன்டர்வியூவுக்கு அழுவுறியாடி?

அம்மாகிட்ட சொன்னேன், குருவிக்கு பிசிஷியன் அசிஸ்டன்ட் வேலைக்கு கூப்ட்ருக்காங்கன்னு. "அவ்ளோ படிச்சுட்டு கிளினிக்ல நம்பர் கூப்புடுற வேலையா?"ன்னு கேட்டாங்க. இங்க சிங்கப்பூர்ல கிளினிக் அசிஸ்டன்ட்னா கவுண்டர்ல அடையாள கார்டு வாங்கி மருந்து பொட்டலம் குடுக்குற புள்ளைங்கதானே, அவங்கள சொல்லிக் குத்தமில்ல. இல்லம்மா, அவளே பேஷன்ட்ட பாத்து டெஸ்ட் எழுதி மருந்தும் எழுதுவா, மேல ஒரு டாக்டர் இருப்பாருன்னு வெளக்குனேன். "அப்ப டாக்டர்னே சொல்லேன்"னுட்டு சீரியல் பாக்கப் போயிட்டாங்க. உங்க அமெரிக்கா சங்கமே இந்தக் கொழப்பத்துக்காகத்தான் 2021ல பிசிஷியன் அசோசியேட்னு பேர மாத்துச்சுன்னு நீதான சொன்ன, ஆனா நீ லைசென்ஸ்ல என்ன போட்ருக்கோ அதையே சொல்லு, பேருக்கு சண்ட போட இது நேரமில்ல.

சரி விஷயத்துக்கு வரேன். என் கத ஒன்னு ஒனக்கு சொன்னதில்ல, வெக்கமா இருந்துச்சு. பத்து வருஷம் முன்னாடி மொத தடவ அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்சுன்னு மேல்படிப்பு படிச்ச நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ போனப்ப, "ராத்திரி ரெண்டு மணி, ஒங்க பேஷன்ட்டுக்கு பொட்டாசியம் 6.8னு லேப்ல இருந்து போன் வருது, என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டாங்க. அவ்ளோ ஏறுனா இதயமே நின்னுரலாம், ஆனா எனக்கு ஒரே குஷி, நேத்துதான் படிச்சது. கால்சியம் குளுக்கோனேட், இன்சுலின் பத்து யூனிட், கூடவே டெக்ஸ்ட்ரோஸ், சால்புட்டமால் நெபுலைசர்னு வாய்ப்பாடு மாதிரி மூச்சு விடாம ஒப்பிச்சேன். ஓரத்துல இருந்த டாக்டரம்மா பேனா மூடிய தெறந்து தெறந்து மூடிகிட்டே இருந்தாங்க, நான் முடிச்சதும் மெதுவா கேட்டாங்க, "சிஸ்டர், நீங்க இன்னும் பேஷன்ட்ட போய் பாக்கவே இல்லயே?" இசிஜி எடுக்கச் சொல்லல, ரத்தம் எடுக்கும்போது செல் ஒடஞ்சு பொய்யா ஏறிருக்குமோன்னு யோசிக்கல, எல்லாத்துக்கும் மேல யாரையும் கூப்புடுவேன்னு ஒரு வார்த்த சொல்லல. "யாருக்கு போன் பண்ணுவீங்க?"ன்னு அவங்க கேட்டப்ப, போன் பண்ணுனா எனக்குத் தெரியலன்னு நெனச்சிடுவாங்களோன்னு "நானே பாத்துக்குவேன் டாக்டர்"ன்னேன் பாரு. அங்கயே முடிஞ்சு போச்சு. ரெண்டாவது தடவதான் கெடச்சுது.

இப்ப நானே அந்தப் பக்கத்து நாற்காலில ஒக்கார்றேன், அப்பதான் புரியுது. புதுசா வர்றவளுக்கு எல்லாம் தெரியணும்னு யாரும் எதிர்பாக்கல. மாட்டிகிட்டா நேரத்துக்கு கூப்புடுவாளா, இல்ல மறச்சுட்டு உருட்டுவாளான்னுதான் பாக்குறோம். அதனால கேஸ் கேள்வி வந்தா மொதல்ல கட்டிலுகிட்ட போ, ஆள் எப்படி இருக்கான்னு சொல்லு, நாடி பிரஷர் ஆக்சிஜன் சொல்லு, அப்புறம் நீ என்ன ஆரம்பிப்பே, எந்த எடத்துல ஒன் டாக்டருக்கு போன் போடுவேன்னு சொல்லு. தப்பு பண்ணுன கத கேட்டா நெஜத் தப்ப சொல்லு. "நான் ரொம்ப பர்பெக்டா இருக்கணும்னு நெனப்பேன், அதுதான் என் கொற"ன்னு ஆரம்பிச்சாலே எங்களுக்கு கொட்டாவி வந்துரும்.

ஏன் டாக்டருக்குப் படிக்கலன்னு கண்டிப்பா கேப்பாங்க. வயசாயிடுச்சு, புள்ளைங்க இருக்குன்னு இழுக்காத, மிச்சம் மீதிய எடுத்துகிட்ட மாதிரி கேக்கும். டியூக் யுனிவர்சிட்டில 1965ல இந்தப் படிப்பு ஆரம்பிச்சப்ப மொதல்ல சேந்த நாலு பேரும் கடற்படைல வைத்தியம் பாத்த பசங்க, பட்டம் இல்லாட்டியும் கை பழகுனவங்க, அவங்க அனுபவத்த வீணாக்கக் கூடாதுன்னு வந்ததுதானே இது. நீயும் ஹூஸ்டன்ல ஒம்பது வருஷம் மெடிக்கல் அசிஸ்டன்ட்டா ரத்தம் எடுத்து, ஸ்பானிஷ் பாட்டிங்களுக்கு சக்கர மெஷின் பாக்கக் கத்துக் குடுத்து, அப்புறம்தானே படிக்கப் போன. அதச் சொல்லு, அந்த வரிசைல நீயும் வந்தவதான்.

அப்புறம் நீயும் கேள்வி கேக்கணும்டி, தலையாட்டிட்டு வந்துராத. பழக்கி விட எத்தன மாசம், அப்புறம் ஒரு நாளைக்கு எத்தன பேஷன்ட், டாக்டர் லீவுல இருந்தா யாரக் கூப்புடறது, இதுக்கு முன்னாடி இருந்தவங்க ஏன் போனாங்க. கடேசி கேள்விக்கு அவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துகிட்டா அதுவே பதில். பேஷன்ட் கேஸ் போட்டா கை குடுக்குற மால்பிராக்டிஸ் இன்சூரன்ஸ், அது நடப்புல இருக்கும்போது வர்ற கேசுக்கு மட்டும் குடுக்குற "கிளைம்ஸ் மேட்" வகையா இருந்தா, நீ வேலைய விட்டதுக்கு அப்புறம் வர்ற கேசுக்கு டெயில் கவரேஜ் யார் கட்டுவான்னு கேட்டு எழுத்துல வாங்கு, ஆனா இது ஆபர் வந்தப்புறம், மொத நாளே பணம் பேசாத. ரெண்டு வருஷத்துக்கு நூறு சிஎம்இ கிரெடிட், அதான் வேலைல இருந்துகிட்டே தொடர்ந்து படிக்குற கணக்கு, எடுக்கணுமே, அதுக்கு காசும் லீவும் குடுப்பாங்களான்னும் அப்பவே கேளு. கிரெடென்ஷியலிங், அதான் ஒன் படிப்பு லைசென்ஸெல்லாம் சரிபாக்குறது, முடிய மாசக்கணக்கா இழுக்கும், அதுவரைக்கும் இப்ப இருக்குற வேலைய விடாத.

உடுப்புக்கு அந்த நீல பிளேசரே போதும், புதுசு வாங்காத.

சனிக்கெழம ராத்திரி ஒனக்கு எட்டு மணி, எனக்கு ஞாயிறு காலைல ஒம்பது, அன்னிக்கு எனக்கு ஆப். வீடியோ கால்ல வா, பிளேசரோட. நான் அந்த டாக்டரம்மா மாதிரி பேனா மூடிய தெறந்து மூடிகிட்டு மொறச்சு கேப்பேன், நடுவுல சிரிச்சேன்னா கட் பண்ணிட்டு மொதல்ல இருந்து ஆரம்பிப்பேன்.

உன்
வாயாடி