ஹெட் போல்ட் வழியே கசியும் தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்செங்கோட்டை அடுத்த ஒரு கிராமத்தில், டிராக்டர், சிறு லாரி இன்ஜின்களைப் பிரித்துச் சரிசெய்யும் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். சென்ற மாதம் ஒரு விவசாயி தம் டிராக்டரைக் கொண்டுவந்தார். ஓராண்டுக்குள் இரண்டு முறை வேறிடத்தில் ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) இறக்கி, லேத்தில் முகம் தேய்த்து, புதுக் கேஸ்கெட் (இடையில் வைக்கும் கசிவுத் தடுப்புத் தகடு) போட்டும் ரேடியேட்டரில் தண்ணீர் குறைவது நிற்கவில்லை. மூன்றாவது முறையும் அதே செலவைச் செய்யும் மனநிலையில்தான் அவர் வந்திருந்தார். பிரித்துப் பார்த்தபோது கேஸ்கெட்டில் ஒரு குறையும் இல்லை. இரண்டு போல்ட்டுகளின் மரையில் மட்டும் அடி முதல் கழுத்து வரை துருவும் சுண்ணாம்பும் படிந்திருந்தன. தண்ணீர் அந்த மரையைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறி வந்திருக்கிறது. ஒரு சிறு டியூப் பசையால் தடுத்திருக்கக்கூடிய இந்தப் பழுதுக்காக அவர் உழவு நாட்களை இழந்தது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அந்த வருத்தமே இக்கடிதத்தை எழுதத் தூண்டியது.

ஹெட்டை, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கோடு இறுக்கும் போல்ட் துளைகள் எல்லா இன்ஜினிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. சில துளைகள் அடியில் மூடியிருக்கும். சில துளைகள் பிளாக்கினுள் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைக்குள் திறந்திருக்கும். ஒரே இன்ஜினில் இரண்டு வகையும் கலந்திருப்பதுண்டு. 1980களில் நான் சவூதி அரேபியாவில் வேலை பார்த்தபோது, அங்கே பிக்கப் வண்டிகளில் மிகுதியாக இருந்த செவ்ரோலெட் வி8 (இரு வரிசையாக எட்டு சிலிண்டர் கொண்ட) இன்ஜினில்தான் இதை முதலில் கற்றுக்கொண்டேன். 1955இல் அறிமுகமான அந்தச் சிறிய பிளாக் இன்ஜினில் ஒரு ஹெட்டுக்கு 17 போல்ட்டுகள். இரண்டு ஹெட்டுக்கும் சேர்த்து 34. அத்தனை துளைகளும் தண்ணீருக்குள்தான் திறக்கும். மரையில் பசை தடவாமல் இறுக்கினால், வெளி வரிசை போல்ட்டுகளின் தலையைச் சுற்றித் துருக் கறை தெரியும். ஹெட்டின் மேலே வால்வு இயங்கும் பகுதியை மூடும் ராக்கர் மூடிக்குள் இருக்கும் போல்ட்டுகளில் கசிந்தாலோ, தண்ணீர் ஓசையின்றி ஆயிலில் கலந்து, ஆயில் பால் போலாகி, பேரிங் கெடும் வரைக்கும் யாருக்கும் தெரியாது.

போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் மரையின் இரு பக்கமும் முழுவதும் ஒட்டுவதில்லை. ஒரு பக்கம் அழுந்த, மறுபக்கம் சுருள்போல ஒரு மெல்லிய சந்து கீழிருந்து மேல் வரை நீண்டிருக்கும். இன்ஜின் சூடானபின் ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தம் பல வண்டிகளில் ஏறக்குறைய 1 பார் என்பதால், கொதிநிலையை நெருங்கிய தண்ணீருக்கு அந்தச் சந்தே போதுமான பாதையாகிவிடுகிறது. கேஸ்கெட்டை மாற்றுவதால் இந்தப் பாதை அடைபடாது என்பதே நான் சொல்ல வரும் செய்தி.

ஆகவே ஹெட்டை இறக்குமுன் பழுது எது என்று பிரித்தறிவது அவசியம். இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு கேஸ்கெட்டைத் தாண்டியோ விரிசல் வழியாகவோ வருகிறது என்று ஐயப்படலாம். குமிழி இல்லாமல் தண்ணீர் மட்டும் குறைந்தால், ஆறிய இன்ஜினில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அளவுக்கு மட்டும் காற்றடித்து, ராக்கர் மூடியையும் கழற்றி வைத்துவிட்டுப் போல்ட் தலைகளைச் சுற்றிப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். ஒழுக்கு நிற்க ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடும் ஓட்டுநர்கள் பலரை அறிவேன். அது ரேடியேட்டர் குழாய்களை அடைத்து இன்ஜினை மேலும் சூடாக்குமே தவிர, மரையை அடைக்காது.

பூட்டும் வேலையில் முதலில் பிளாக்கிலுள்ள தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். பிறகு துளையின் மரையைச் சுத்தம் செய்யும்போது, புது மரை வெட்டும் டேப்பைவிட, மரையைத் துடைக்க மட்டுமே செய்யப்பட்ட கருவியைப் பயன்படுத்துவது நல்லது. வெட்டும் டேப் உலோகத்தையும் சேர்த்து எடுத்துவிடும். போல்ட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் கழுவி உலர்த்தியபின், தண்ணீருக்குள் போகும் போல்ட்டுகளின் மரையில் மட்டும் இறுகிப் போகாத டெஃப்லான் கலந்த மரைப் பசையைச் சுற்றிலும் தடவ வேண்டும். பிளம்பர்கள் குழாய் மரையில் சுற்றும் வெள்ளை நாடா இதற்கு ஆகாது. அது கிழிந்து துணுக்குகளாகத் தண்ணீர்ப் பாதையில் சேரும். பழைய துருவேறிய போல்ட்டையும், ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று தயாரிப்பாளர் சொன்ன வகைப் போல்ட்டையும் மறுபடி போடக் கூடாது.

அடி மூடிய துளைக்கு முறை நேர்மாறானது. அங்கே தேங்கிய தண்ணீரையோ ஆயிலையோ, கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு காற்றடித்து வெளியேற்றாவிட்டால், போல்ட் இறங்கும்போது அந்தத் திரவம் போக வழியின்றி அழுந்திப் பிளாக்கையே பிளந்துவிடக் கூடும். பிளக்காவிட்டாலும், ஹெட் சரியாக அழுந்தும் முன்பே, குறித்த முறுக்கு வந்ததும் ஒலிக்கும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லிவிடும்.

டார்க் ரெஞ்ச் குறித்து இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கு விசையில் ஏறத்தாழப் பாதி போல்ட் தலைக்கு அடியில் உள்ள உராய்விலும், 40 விழுக்காடு மரையின் உராய்விலும் செலவாகிவிட, ஹெட்டை உண்மையில் பிடித்து அழுத்துவதற்கு மிஞ்சுவது 10 விழுக்காடு அளவுதான். துருப்பிடித்த மரையில் அந்தப் பத்தும் கிடைக்காது. அதனால்தான் மரைக்குப் பசை போலவே தலைக்கு அடியில் ஒரு சொட்டு இன்ஜின் ஆயிலும் தேவைப்படுகிறது. நான் சொன்ன பழைய செவ்ரோலெட் இன்ஜினுக்கு 65 அடி-பவுண்டு என்பது கணக்கு. அதையும் ஒரே மூச்சில் கொடுக்காமல், நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று சுற்றில் ஏற்றுவோம். பசை தடவிய கையோடு எல்லாப் போல்ட்டுகளையும் முடித்துவிட வேண்டும். பிறகு ஒன்றைத் தளர்த்தினால், அதைக் கழற்றித் துடைத்துப் புதிதாகப் பசை தடவியே பூட்ட வேண்டும்.

வண்டி உரிமையாளர்களின் பங்கும் இதில் உண்டு. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் கடுமையான உப்பு நீர். அதை அப்படியே ரேடியேட்டரில் ஊற்றுவதால் உள்ளே சுண்ணாம்பு கட்டுவதோடு, தண்ணீர் அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட் நுனியும் அரித்துப் போகிறது. அப்படி இளைத்த போல்ட்டைக் கழற்றும்போது உள்ளேயே முறிந்தால், அதை எடுப்பதற்கு ஆகும் கூலியில் பல முறை கூலன்ட் வாங்கிவிடலாம்.

தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். கேஸ்கெட் செட் தயாரிக்கும் நிறுவனங்கள், அந்த இன்ஜினில் எந்தெந்தப் போல்ட் தண்ணீருக்குள் போகிறது, எதற்குப் பசை, எதற்கு ஆயில், இறுக்கும் வரிசையும் அளவும் என்ன என்பதைப் படத்துடன் தமிழில் ஒரே தாளில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஐடிஐக்களில் டீசல் மெக்கானிக், மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவுகளில் பயிலும் மாணவர்களுக்கு, ஹெட்டைப் பூட்டக் கற்றுத் தரும் நாளில், ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்து, அடி மூடியதா, தண்ணீர் அறைக்குள் திறந்ததா என்று அவர்களே சாக்பீஸால் பிளாக்கின் மேல் குறித்துக் காட்டும் பயிற்சியை ஆசிரியர்கள் சேர்க்க வேண்டும். அதற்குக் கால் மணி நேரம் போதும். பழைய பிளாக் தேவைப்படும் பயிற்சி நிலையம் எங்கள் பக்கத்தில் இருந்தால், என் பட்டறையில் கிடப்பதைக் கொடுக்க ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இன்ஜின் பட்டறை உரிமையாளர்,
திருச்செங்கோடு வட்டம், நாமக்கல் மாவட்டம்.