ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ஏற்காட்டைப் பற்றித் தங்கள் நாளிதழிலும் பிற இதழ்களிலும் சுற்றுலாக் கட்டுரைகள் வெளியாகின்றன. படகு இல்லம், பகோடா பாயின்ட், லேடீஸ் சீட், கிளியூர் அருவி, சேர்வராயன் கோயில் எனப் பார்க்க வேண்டிய இடங்கள் அனைத்தும் அவற்றில் இடம்பெறுகின்றன. ஆனால் குழந்தை குட்டிகளோடு வருகிற ஒரு குடும்பம் பகல் உணவுக்கு எங்கே உட்காரும் என்பதை மட்டும் யாரும் எழுதுவதில்லை. சேலத்தில் வசிப்பவன் என்பதால், வெளியூர் உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். எனவே இது குறித்துச் சில விவரங்களையும், மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கையையும் முன்வைக்க விரும்புகிறேன்.

வெளியூர்க்காரர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது கிராமத்துச் சாப்பாட்டுக் கடையின் நேரக்கணக்கு. நகரத்து ஓட்டலைப் போல் அங்கே நாள் முழுவதும் அடுப்பு எரிவதில்லை. இன்று எத்தனை பேர் வருவார்கள் என்று காலையிலேயே மனக்கணக்குப் போட்டு, அந்த அளவுக்குத்தான் உலை வைக்கிறார்கள். பன்னிரண்டரை மணிக்குப் போனால் பொரியல், கூட்டு எல்லாம் இருக்கும். இரண்டரைக்குப் போனால் ரசமும் மோரும் மிஞ்சியிருந்தால் அதிர்ஷ்டம். மூன்றரைக்கு மேல் டீயும் போண்டாவும்தான் கிடைக்கும். பொழுது சாய்ந்த பிறகே பரோட்டாக் கல் சூடேறும். இந்தக் கணக்கு தெரியாமல், மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நான்கு மணிக்கு வந்து சோறு கேட்பவர்கள், "இந்தப் பக்கம் ஒன்றுமே கிடைக்காது" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். கிடைக்காமல் இல்லை, தீர்ந்துவிட்டது என்பதே உண்மை.

மலையின் மேல் நிலைமை இன்னும் நுட்பமானது. நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி போன்ற ஊர்களில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமை, ராகி, தினை பயிரிட்டு உண்டு வந்தவர்கள். (மலையாளி என்பது இம்மக்களின் இனப்பெயர், இவர்கள் பேசுவது தமிழ்தான்.) இந்த ஊர்களின் சிறு கடைகளில் முதல் நாளே சொல்லி வைத்தால், அல்லது காலையில் மேலே ஏறும்போதே வண்டியை நிறுத்தி இத்தனை பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனால், மதியத்துக்கு ராகிக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும், கோழி வேண்டாதவர்களுக்குக் கீரைக் கடைசலும் செய்து வைப்பார்கள். ஆவி பறக்கும் களி உருண்டையின் நடுவில் குழி செய்து, அதில் குழம்பை ஊற்றித் தருவார்கள். விரலை நீரில் நனைத்துக் கொஞ்சமாகக் கிள்ளி, குழம்பில் புரட்டி, மெல்லாமல் அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு, சாப்பிட்டவர் அதன் பிறகு களியின் பக்கமே திரும்ப மாட்டார். ஏரிக்கரையில் கிடைக்கும் எந்த ஃபிரைடு ரைஸைவிடவும் இது வயிற்றுக்கு இதமானது என்பது என் கருத்து.

ஏரிக்கரைக் கடைகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. குளிர்ந்த மாலையில் மிளகாய் பஜ்ஜிக்கு ஈடில்லை. ஆனால் 1820-களில் அன்றைய சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்திய மலை இது. சுற்றிலும் தோட்டங்கள் இருக்க, இங்கே வருபவர்களில் பெரும்பாலோர் பொட்டலத்துத் தூளைக் கலக்கிய காப்பியைக் குடித்துவிட்டு இறங்குவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. பஜ்ஜி விஷயத்தில் ஓர் எச்சரிக்கையும் அவசியம். திரும்பத் திரும்பச் சூடாக்கிய எண்ணெயில் போலார் சேர்மங்கள் (எண்ணெய் கெடும்போது உருவாகும் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது. கூட்டம் நெரியும் சனி, ஞாயிறு மாலைகளில் உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் இதைச் சோதித்தால் நல்லது. சோதனைக் கருவி வராத நாளில், எண்ணெய் கறுத்து நுரைக்கிறதா என்று நாமே சட்டியை எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மலைக்குக் கீழேயும் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆத்தூர்ச் சாலையில் வருபவர்கள் நெடுஞ்சாலையோரப் பெரிய உணவகங்களையே நம்ப வேண்டியதில்லை. தலைவாசல் போன்ற காய்கறிச் சந்தை ஊர்களில் மூட்டை தூக்குபவர்களுக்காக விடிகாலையிலேயே இட்லி வெந்துவிடும். மேட்டூர் வழியாக வருபவர்களுக்கு அணையருகே வறுத்த மீன் உண்டு. சேலம் நகரின் தட்டுவடை செட்டையும் பலர் கேட்கிறார்கள். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயத்தோடு காரச் சட்னியும் பச்சைச் சட்னியும் வைத்துத் தரும் அது மாலை நேரத்துத் தின்பண்டமே தவிர, ஒரு வேளை உணவாகாது. அடிவாரத்திலிருந்து மலையேறுவதற்கு முன் வயிறு முட்டச் சாப்பிடுவதும் வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள் என்பது வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கு மனப்பாடம்.

இனி என் கோரிக்கை. அடிவாரச் சோதனைச் சாவடியிலும், குப்பனூர் வழியாக ஏறும் பாதையின் தொடக்கத்திலும் ஒரு தகவல் பலகை வைக்கப்பட வேண்டும். எந்த ஊரில் சாப்பாட்டுக் கடை உள்ளது, எந்த நேரத்தில் உணவு கிடைக்கும், முன்கூட்டிச் சொல்ல எந்த எண்ணில் அழைக்க வேண்டும், கழிப்பறை உண்டா என்ற நான்கு விவரங்கள் அதில் இருந்தால் போதும். முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் பெருகினால் கடைக்காரருக்குச் சோறு வீணாகாது. வருபவரும் பட்டினியாக இறங்க மாட்டார். அத்துடன், உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவை எளிதாகப் பெறுவதற்கு மலைக் கிராம மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு உதவி செய்து, ஏரிக்கு அருகில் களியும் சாமைச் சோறும் விற்க அவர்கள் நடத்தும் கடை ஒன்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும். வாடகை அவர்களால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மே மாதக் கோடை விழாவுக்கு மலர்க் கண்காட்சி ஏற்பாடுகளைத் தொடங்கும்போதே பலகைக்கான விவரங்களையும் ஊராட்சிகளிடமிருந்து சேகரிக்கத் தொடங்கினால், இந்தக் கோடைக்கே அது பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.