செயலரின் ஆண்டறிக்கை 2024–25: வகைமை முறையும் பிள்ளைகளின் மனப்போக்கும்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தமிழாசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

மன்றத்தின் வழக்கமான வேலைகள் குறைவின்றி நடந்தன. தேர்வு மாதங்கள் நீங்கலாக மாதக் கூட்டம் தவறவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்; இந்த ஆண்டு நகலெடுப்புச் செலவு மட்டும் கூடியிருக்கிறது, காரணம் போகப்போகத் தெரியும். சென்ற பொதுக்குழு ஒப்படைத்த ஒரு வேலைக்கே இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன். பத்தாம் வகுப்பில் வகைமை முறையில் எழுதக் கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லியிருந்தீர்கள்.

புதிய உறுப்பினர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். இந்த முறை 1980களில் சிட்னியில் ஜே. ஆர். மார்ட்டின், ஜோன் ராத்தரி முதலானோர் மொழியியலாளர் ஹாலிடேயின் கோட்பாட்டை அடிப்படையாக வைத்து வளர்த்தது. அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் எழுதியதை அவர்கள் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலும் போனேன், பார்த்தேன், நன்றாக இருந்தது என்கிற மாதிரியான அனுபவக் குறிப்புகள்தான். விளக்கி எழுதுவதும் வாதிட்டு எழுதுவதும் அபூர்வம். மனத்தில் பட்டதை எழுது என்று விட்டுவிட்டால், வீட்டில் புத்தகம் புழங்கும் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும், மற்ற பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும் என்பது அவர்கள் வாதம். ஆகவே ஒவ்வொரு எழுத்து வகையும் யாருக்காக, எதற்காக, எந்தப் படிகளில் நகர்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். முதலில் மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, அடுத்து வகுப்பே சேர்ந்து எழுதுவது, கடைசியில் தனியே எழுதுவது என்று மூன்று கட்டம். பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவம் வகுத்த மொழிக்கு இதெல்லாம் அந்நியச் சரக்கு இல்லை என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதையும் பதிவு செய்கிறேன்.

பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது பாடநூலில் உள்ள முறையீட்டுக் கடிதம். உணவு விடுதியில் உணவு தரமற்றதாகவும் விலை கூடுதலாகவும் இருந்தது குறித்து, உரிய சான்றுகளுடன் உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எழுத வேண்டும். வகுப்புக்கு எட்டுப் பாடவேளை என்று வைத்துக்கொண்டோம். பிரித்துப் பார்க்க மூன்று, சேர்ந்து எழுத மூன்று, தனியே எழுத இரண்டு.

பிரித்துப் பார்க்கும் கட்டத்தில் ஒரே ஒரு மாதிரியைக் கொடுப்பதுதான் முதல் தவறு. கொடுத்தால் அதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். மூன்று கடிதங்கள் வேண்டும்: உருப்படியானவை இரண்டு, சொதப்பலானது ஒன்று. சொதப்பலான கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி எல்லாம் அச்சுப்பிசகாமல் இருக்கும்; உள்ளே "உணவு மிகவும் மோசமாக இருந்தது, விலையும் மிக அதிகம், தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்பதைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆணையர் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள், இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்தக் கடைக்குப் போய் எதைச் சோதிப்பீர்கள் என்று கேட்டதும் வகுப்பு விழித்துக்கொண்டது. என்று, எத்தனை மணிக்கு, எந்த ஊரில், எந்தக் கடையில்? விலைப்பட்டியலில் போட்ட தொகை என்ன, ரசீதில் வந்த தொகை என்ன? மோசம் என்றால் சாம்பார் புளித்திருந்ததா, சோறு வேகவில்லையா? ரசீதின் நகலை இணைத்தாயிற்றா, இணைத்ததைக் கடிதத்தின் அடியில் குறித்தாயிற்றா? பிள்ளைகள் அதிகம் பேசிய பாடவேளை இதுதான். நல்ல கடிதங்கள் இரண்டும் அந்த அளவுக்குப் பேச்சைக் கிளப்பவில்லை.

சேர்ந்து எழுதும் கட்டத்தில் ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் எழுத்தர் மட்டுமே. வாக்கியம் வகுப்பிலிருந்து வர வேண்டும். ஒரு பாடவேளையில் ஐந்தாறு வாக்கியம் தேறினால் போதும். இங்கே தவறுவது இரண்டு இடத்தில். முன் பெஞ்சுப் பிள்ளைகள் நான்கு பேர் மட்டும் எழுதி முடித்துவிடுவார்கள். அதற்கு மாற்றாக, பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டுப் பின் பெஞ்சிலிருந்து கேட்டு வர வேண்டும். மற்றது நம் பழக்கதோஷம். வாக்கியம் வந்தவுடன் நாமே திருத்தி எழுதிவிடுகிறோம். ஒரு பள்ளியில் "சாப்பாடு ஊசிப்போய் இருந்தது" என்று வந்ததை ஆசிரியர் "உணவு கெட்டிருந்தது" என்று மாற்றி எழுத, அதன்பின் அந்த வகுப்பில் கை உயரவே இல்லை. இரண்டையும் பலகையில் எழுதிவிட்டு, அலுவலருக்கு எது பொருந்தும், ஏன் என்று கேட்டிருந்தால் எழுத்து வழக்குக்கும் பேச்சு வழக்குக்கும் உள்ள வேறுபாட்டையும் அப்போதே நடத்தியிருக்கலாம்.

இனி பிள்ளைகளின் கருத்து. முதல் பருவத்தில் விநியோகித்த கருத்துச் சீட்டு வீண். இந்த முறை பிடித்திருந்ததா என்று கேட்டு, வகுப்பாசிரியர் கையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னால் யார் இல்லை என்று எழுதுவார்கள்? அத்தனையும் ஆம். இரண்டாம் சீட்டில் பெயர் கேட்கவில்லை. வகுப்புத் தலைவர் உறையில் போட்டு ஒட்ட, வேறு பள்ளி ஆசிரியர் பிரித்தார். கேட்டதும் வேறு: எந்தப் பாடவேளையை மறுபடி நடத்தலாம், எதை விட்டுவிடலாம், உன் கடிதத்தில் எழுத மிகவும் திணறிய வாக்கியம் எது. கடைசிக் கேள்விக்காகவே ஒவ்வொருவர் கடிதத்தையும் நகலெடுத்து அடிக்கோடிடச் சொன்னோம். செலவு கூடியது அதனால்தான். பள்ளிக்குப் பள்ளி சீட்டு கொடுத்த நேரமும் நடத்திய விதமும் வேறு என்பதால் விழுக்காடு போட்டு அறிக்கையை அலங்கரிக்கவில்லை.

எழுதத் தயங்கும் பிள்ளைகளுக்கு இந்த முறை பெரிய ஆறுதல். எங்கே தொடங்குவது என்ற பயம் போனதாகவே பலரும் எழுதியிருக்கிறார்கள். சேர்ந்து எழுதிய பாடவேளைகளை மறுபடி கேட்டவர்களும் இவர்களே. கட்டுரையில் வழக்கமாக நல்ல மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளோ கை கட்டப்பட்டது போல் இருந்ததாகச் சொல்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. கடிதத்துக்குப் பொருந்திய படிகளை அப்படியே கட்டுரைக்கும் நீட்டிய பள்ளிகளில்தான் இந்தக் குறை வந்தது. கட்டுரை என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதற்குள் வருணிப்பது, காரணம் விளக்குவது, ஒரு கருத்தை நிறுவுவது என்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் முன்னுரை, உட்தலைப்பு, முடிவுரை என்று ஒரே சட்டையைப் போட்டுவிட்டு அதை வகைமை முறை என்று சொல்வது முறைக்குச் செய்யும் அநியாயம்.

அடிக்கோட்டைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகிறது. திணறிய வாக்கியம் என்று பெரும்பாலோர் காட்டியது சான்று சொல்லும் இடத்தை. பலகைக் கடிதத்தைப் பார்த்து எழுதியவர்கள் எங்குமே கோடு போடவில்லை. அவர்களுக்குப் பிடித்திருந்தது மாதிரிக் கடிதம்தான்; முறை இன்னும் அவர்களிடம் போய்ச் சேரவில்லை என்பது செயற்குழுவின் கருத்து. தனியே எழுத சிற்றுண்டிக் கடை பற்றிய புகாரைக் கொடுத்த வகுப்புகளில் கடைப் பெயர் மட்டும் மாறி வந்தது. நிறுத்தத்தில் நிற்காத பேருந்து பற்றிப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதச் சொன்ன வகுப்புகளில், இது நடத்தாத பாடம் என்று முகத்தைச் சுளித்தார்கள். நடுவழியாக, அதே உணவு விடுதிப் புகாரைக் கடை உரிமையாளருக்கு எழுதச் சொன்னபோதுதான் பலன் தெரிந்தது. நடந்தது அதுவே, படிப்பவர் மட்டும் வேறு. ஆணையரிடம் நடவடிக்கை கேட்ட பிள்ளை, இவரிடம் கூடுதலாக வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. பொருள் வரியிலிருந்து எல்லாம் மாறுகிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.

மாதத்தைப் பொறுத்தும் மனம் மாறுகிறது. ஜூலையில் ஆர்வமாக இருந்த வகுப்பே அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு, கையேட்டில் இருக்கும் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள் ஐயா என்கிறது. அதற்கு நம் வகுப்புத் தேர்வுகளும் ஒரு காரணம். சான்று, சான்று என்று மூன்று பாடவேளை பேசிவிட்டு, திருத்தும்போது தலைப்புகள் வரிசையாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்து மதிப்பெண் போட்டிருக்கிறோம். இந்தக் கோபம் பல சீட்டுகளில், பல கையெழுத்தில் இருக்கிறது.

வரும் ஆண்டில் பயிற்சியை ஜூன் கடைசியிலேயே தொடங்கி அக்டோபருக்குள் முடிக்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது. சேர்ந்து எழுதும் கட்டத்துக்கு மூன்றுக்குப் பதில் நான்கு பாடவேளை. வகுப்புத் தேர்வில் கடிதத்துக்குரிய ஐந்து மதிப்பெண்ணில் இரண்டைச் சான்றுக்கும் கோரிக்கைக்கும் ஒதுக்குவது குறித்து இன்று விவாதித்து முடிவெடுக்கலாம். சொதப்பலான கடிதங்களின் தொகுப்புக்கு ஆளுக்கு ஒன்று எழுதித் தர வேண்டும். மாணவர் எழுதியதை அப்படியே தர வேண்டாம், அடையாளம் தெரிந்துவிடும். இரண்டாம் சீட்டின் நகல் வாசலில் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
செயலர்