கறுப்பு வெள்ளை அவ்வளவு பழசு இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை சுவையாகத்தான் இருந்தது, ஆனால் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்பதுதான் அந்த வீடுகளின் ஆதிகாலத் தோற்றம் என்று எழுதியதை விட்டுவிட மனம் வரவில்லை. மரத்துக்குக் கறுப்பு அடித்தது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டின் விக்டோரியா மகாராணி காலத்து மோகம். அதற்கு முன் பல இடங்களில் ஓக் மரம் தானாகவே நரைத்துச் சாம்பல் நிறத்தில் இருந்தது, சஃபோக் பக்கம் சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். உடைந்த கப்பலின் மரத்தில் கட்டியது என்பதும் பெரும்பாலும் கட்டுக்கதைதான். பச்சை ஓக்கை வெட்டி, ஈரம் காயுமுன்பே செதுக்கி, மர ஆணி அடித்துப் பூட்டினார்கள்.

உண்மையில் பார்க்க வேண்டியது கூரையின் உட்புறம். சசெக்ஸில் ஆல்ஃப்ரிஸ்டன் கிளெர்ஜி ஹவுஸ் என்று 14ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று இருக்கிறது, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் ட்ரஸ்ட் அமைப்பு 1896இல் 10 பவுண்டுக்கு வாங்கிய முதல் கட்டடம் அது. நடுக்கூடத்துக்கு மாடி கிடையாது, நிமிர்ந்தால் நேரே கூரைதான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட கூடங்களில் புகைபோக்கி இல்லை, தரையின் நடுவில் நெருப்பு மூட்டுவார்கள், புகை மேலே ஏறிக் கூரை வழியாக வெளியேறும். 16ஆம் நூற்றாண்டு வாக்கில் பல வீடுகளில் புகைபோக்கி கட்டி, கூடத்துக்குக் குறுக்கே ஒரு தளமும் போட்டுவிட்டார்கள். அப்புறம் எத்தனை மாற்றம் வந்தாலும் சரி, பரணில் ஏறி டார்ச் அடித்தால் கைமரங்களில் படிந்த கரி காட்டிக்கொடுத்துவிடும், கீழே இருக்கும் படுக்கையறை ஒரு காலத்தில் திறந்த கூடம் என்று.

இன்னொன்று. ஒரு வீட்டைச் சிமென்ட் பூசிப் "புதுப்பித்ததை" கட்டுரையாளர் பாராட்டுகிறார். அந்தச் சுவர் குச்சித் தட்டியில் களிமண், வைக்கோல், சாணம் சேர்த்து அப்பியது, ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும். மேலே சிமென்ட் பூசினால் விரிசலில் இறங்கிய தண்ணீர் போக வழியில்லாமல் மரத்திலேயே தங்கும், அடிச்சட்டம் உளுத்துப்போகும், வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எதுவும் தெரியாது. போன நூற்றாண்டில் இப்படிக் கெட்ட வீடுகள் ஏராளம். பாதுகாக்கப்பட்ட பட்டியலில் உள்ள வீட்டின் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியில்லாமல் செய்தால் அங்கே அது குற்றம், இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

அடுத்த முறை ரோஜாக்கொடி படர்ந்த வாசலோடு நிறுத்தாமல் கரி படிந்த கூரைக்கும் ஒரு படம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்