செல்வாவுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

அன்புள்ள செல்வா,

மழை விட்டு விட்டுப் பெய்கிறது. மூலத்தரை அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், நம் பக்கக் கால்வாய்க்கு அது வந்து சேர்வதற்குள் தமிழ்நாட்டோடு போட்ட ஆழியாறு தண்ணீர் ஒப்பந்தத்தைப் பற்றி டீக்கடையில் வழக்கம்போல நாலு பேர் சண்டை போட்டாயிற்று. அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சரி, நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

"எழுத்தாளன் சர்வாதிகாரத்தை எதிர்த்தான் என்றால் அதை மட்டும் சொல், அவன் யாரோடு படுத்தான் என்பதெல்லாம் எதற்கு?" என்று எழுதியிருந்தாய். என்னிடம் கேட்கிறாய், ஆனால் அந்தப் படுக்கையறைக்குள் முதலில் எட்டிப் பார்த்தது அரசாங்கங்கள்தானே? ஒரு ஆளை அரசியல் குற்றத்துக்காக உள்ளே போட்டால் உலகம் கேள்வி கேட்கும். ஒருபாலுறவுக் குற்றம் என்றால் சொந்தக்காரன்கூட ஜாமீன் கேட்டு வரமாட்டான்.

சோவியத் சினிமா இயக்குநர் பராஜனோவை எடுத்துக்கொள். பாலக்காட்டில் ஃபிலிம் சொசைட்டிக்காரர்கள் அவருடைய 'மாதுளையின் நிறம்' படத்தைப் போட்டபோது நீ பாதியில் தூங்கிப்போனாயே, அவர்தான். உக்ரைனில் அறிவாளிகளைக் கைது செய்ததைக் கண்டித்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர், சோவியத் அரசு எதிர்பார்த்த மாதிரிப் படமும் எடுக்காதவர். 1973 டிசம்பரில் பிடித்தார்கள். ஒருபாலுறவுக் குற்றம், ஐந்து வருடத் தண்டனை. கேமரா இல்லை, ஃபிலிம் இல்லை. அந்த மனுஷன் பால் பாட்டில்களின் அலுமினிய மூடியைத் தேய்த்துச் சமப்படுத்தி, அதில் நகத்தால் கீறிக் கீறி நாணயம் மாதிரி முகங்களைப் புடைப்பாக எழுப்பியிருக்கிறார். கிடைத்த காகிதம், துணி, குப்பை எல்லாவற்றையும் ஒட்டி ஒட்டிப் படமாக்கினார். வெளிநாட்டுக் கலைஞர்கள் கூச்சல் போட்டு, பிரெஞ்சுக் கவிஞர் அரகோன் சோவியத் தலைவர் பிரெஷ்னேவிடமே பேசி, 1977 கடைசியில் விட்டார்கள். இப்போது யெரெவானில் அவருக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது.

கூபாவின் எழுத்தாளர் ரெய்னால்டோ அரெனாஸ் கதை இன்னும் கசப்பு, ஏனென்றால் அவர் பதின்வயதிலேயே புரட்சிக்காரர்களோடு சேரக் கிளம்பிப்போன ஏழை வீட்டுப் பையன். அந்தப் புரட்சிதான் 1965இல் தன்பாலீர்ப்பு உள்ள ஆண்களை உழைப்பு முகாமுக்கு அனுப்பியது. அரெனாஸ் அனுமதி வாங்காமல் நாவலை வெளிநாட்டில் அச்சிட்டது அரசுக்குப் பெரிய எரிச்சல், ஆனால் அவரைப் பிடித்தது ஒழுக்கக்கேட்டு வழக்கில். தப்பி ஓடி, ஹவானாவில் லெனின் பேரைச் சுமக்கிற ஒரு பூங்காவில் ஒளிந்துகொண்டு, இருட்டிவிட்டால் எழுத முடியாதே என்று வெளிச்சம் இருக்கும்வரை எழுதியிருக்கிறார். அப்புறம் அகப்பட்டு மோரோ கோட்டைச் சிறை. அங்கே கூட இருந்த கைதிகளுக்கு அவர்கள் வீட்டுக்கும் காதலிகளுக்கும் கடிதம் எழுதிக் கொடுப்பதுதான் வேலை! 1980இல் மரியேல் துறைமுகம் வழியாக ஒன்றேகால் லட்சம் பேர் வெளியேறினார்களே, அந்தக் கூட்டத்தில் தன் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டு அரெனாஸும் படகேறிவிட்டார். முகாம்கள் அநீதி, பொறுப்பு தன்னுடையது என்று காஸ்ட்ரோ ஒப்புக்கொண்டது 2010இல். அரெனாஸ் 1990லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா, எல்லாம் இடதுசாரிகள் செய்த வேலை" என்று ஆரம்பிக்காதே, உன்னை எனக்குத் தெரியும். தன்பாலீர்ப்பாளரான ஸ்பானியக் கவிஞர் லோர்காவை 1936இல் கிரானடா பக்கத்தில் சுட்டவர்கள் வலதுசாரி ஃபிராங்கோவின் ஆட்கள். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தவர் சிலேயின் தன்பாலீர்ப்பு எழுத்தாளர் பெத்ரோ லெமெபெல். 1986, ராணுவ சர்வாதிகாரி பினோசேயின் ஆட்சி. சாந்தியாகோவில் இடதுசாரிகளின் எதிர்ப்புக் கூட்டம் ஒன்றில் இவர் ஹைஹீல்ஸ் போட்டுக்கொண்டு, வாயிலிருந்து புருவம் வரை அரிவாள் சுத்தியலை வரைந்துகொண்டு வந்து ஒரு அறிக்கை படித்தார். நாளைக்கு நீங்கள் ஜெயித்தால் எங்களை என்ன செய்வீர்கள் தோழரே என்பதுதான் அதன் சாரம். யோசித்துப் பார், வெளியே ராணுவம், உள்ளே சிரிக்கிற தோழர்கள், நடுவில் செருப்புக் குதிகாலில் ஒரு ஆள். 1989 அக்டோபர் 12, கொலம்பஸ் நாளன்று, அவரும் நண்பர் பிரான்சிஸ்கோ கசாஸும் மனித உரிமை ஆணைய அலுவலகத்தில் லத்தீன் அமெரிக்க வரைபடத்தை விரித்து, அதன்மேல் கோகோ கோலா பாட்டில் சில்லுகளைப் பரப்பி, வெறுங்காலோடு குவேக்கா ஆடினார்கள். பினோசே தேசிய நடனமாக அறிவித்த அதே குவேக்காதான். ராணுவம் பிடித்துக் காணாமலாக்கியவர்களின் மனைவிகள் துணையில்லாமல் ஒற்றையாக ஆடிக் காட்டியதும் அதைத்தான். பாட்டு வாக்மேனில் இவர்கள் காதுக்குள் மட்டும். பார்த்தவர்களுக்குக் கேட்டது கண்ணாடி நொறுங்குகிற சத்தம். வரைபடம் முழுக்க ரத்தம்.

இதில் "அவன் யாரோடு படுத்தான்" என்பதைக் கழித்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும், நீயே சொல். ரெண்டு பக்கமும் இடமில்லாததால்தான் ரெண்டு பக்கத்தையும் பார்த்துக் கேட்க முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

நம் நாட்டுக்கு, ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவை வெள்ளைக்காரன் 1860 சட்டத்தொகுப்பில் எழுதி வைத்துவிட்டுப் போனான். 2018 செப்டம்பர் 6இல் உச்ச நீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கியது. அந்த வழக்கு நவ்தேஜ் ஜோஹர் என்ற ஒரு பரதநாட்டியக் கலைஞரின் பெயரில்தான் இருக்கிறது.

அப்புறம் லெமெபெல்லைப் படித்தபோது நம் சுவரெழுத்து அண்ணன் ஞாபகம் வந்துவிட்டார். அரிவாளும் எழுதுவார், கையும் எழுதுவார், வேலந்தாவளம் தாண்டிப் போனால் சூரியனும் இரட்டை இலையும் எழுதுவார், ஸ்கேலே வைக்காமல். வாசகசாலை நாடகத்தில் பெண்வேஷம் அவ்வளவு நன்றாகக் கட்டுவாரே. ஒரு வருஷம் விழாக் கமிட்டி காரணம் சொல்லாமல் அவர் பேரை எடுத்துவிட்டது, அவரும் யாரிடமும் எதுவும் கேட்காமல் ஊரைவிட்டே போய்விட்டார். அவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் கமிட்டிக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்தார்கள், அது போதுமாக இருந்தது.

திருப்பூரில் பனியன் பிரிண்டிங்குக்கு டிசைன் வரைகிறாராம், நம்பர் வாங்கிவிட்டேன். ஆண்டுவிழா நாடகத்துக்கு அவரையே கூப்பிடலாம் என்று கமிட்டியில் சொன்னேன். ரெண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், செயலாளர் "பார்க்கலாம்" என்கிறார், அவருடைய பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று உனக்கே தெரியும். நீயும் ஆயுள் உறுப்பினர்தானே, உன் பேச்சை அவர் கேட்பார். இந்த வாரமே ஒரு போன் போட்டுச் சொல்.

அன்புடன்,
மணி