ஜெருசலேமை ஐ.நா.விடம் கொடுத்தால் தீர்ந்துவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஜெருசலேம் கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் கடைசியில் ஊரை ஐ.நா.விடம் ஒப்படைத்துவிட்டால் தீர்ந்தது என்று போகிறபோக்கில் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இது புது யோசனையும் கிடையாது. 1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபை பாலஸ்தீனத்தைப் பிரிக்க நிறைவேற்றிய 181-வது தீர்மானமே ஜெருசலேமையும் பெத்லகேமையும் தனிப் பகுதியாக்கி, ஐ.நா. ஆளுநரை நியமித்து, பத்து வருடம் கழித்து மக்களிடம் கருத்துக் கேட்கலாம் என்றது. ஆளுநர் பதவியேற்கவே இல்லை. 1948 போரில் மேற்குப் பகுதி இஸ்ரேலிடமும் பழைய நகரம் ஜோர்டானிடமும் போனது. போர்நிறுத்த ஒப்பந்தத்தில் எழுதியிருந்தும் 1967 வரை யூதர்களை அவர்களின் புனிதத் தலமான மேற்குச் சுவர்ப் பக்கம் விடவில்லை, அந்த வருடம் இஸ்ரேல் முழு ஊரையும் பிடித்துக்கொண்டது.

சரி, புனிதத் தலங்களைப் பார்ப்போம். இயேசுவின் கல்லறை இருந்த இடமாக நம்பப்படும் திருக்கல்லறை ஆலயத்தை ஆறு கிறித்தவப் பிரிவுகள் பங்குபோட்டு வைத்திருக்கின்றன, சாவியும் கதவு திறக்கும் உரிமையும் இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம். வாசலுக்கு மேலே ஜன்னலோரம் ஒரு மர ஏணி சாய்ந்திருக்கிறது, 18-ம் நூற்றாண்டுப் படங்களிலேயே இருக்கிறது, எல்லோரும் சம்மதிக்காமல் நகர்த்தக் கூடாது என்பதால் அப்படியே கிடக்கிறது. 2002-ல் மொட்டைமாடியில் எகிப்தியத் துறவி ஒருவர் வெயிலுக்காக நாற்காலியை நிழலுக்கு நகர்த்தப்போய், எத்தியோப்பியத் துறவிகளோடு கைகலப்பாகி 11 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். சிரிப்பாக இருக்கிறது, ஆனாலும் ஒட்டோமன் சுல்தான் 1852-ல் உறுதிசெய்த 'இருந்தது இருந்தபடி' ஏற்பாட்டில்தான் இன்றும் அங்கே பூசை நடக்கிறது. அல் அக்சா மசூதி வளாகத்தில் நிர்வாகம் ஜோர்டான் சார்ந்த வக்ஃபிடம் (இஸ்லாமிய அறக்கட்டளை), வாசலில் காவல் இஸ்ரேலிய போலீஸ். மற்ற மதத்தவர் பார்க்கலாம், தொழக் கூடாது. இந்த ஏற்பாடு சமீப வருடங்களில் ஆட்டம் காண்கிறது என்பது உண்மை. 2017 ஜூலையில் இரண்டு போலீசார் கொல்லப்பட்டதும் வாசல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்தார்கள், முஸ்லிம்கள் உள்ளே போகாமல் தெருவிலேயே தொழுதார்கள், கடைசியில் கழற்ற வேண்டியதாயிற்று.

கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது அங்கே குடியிருக்கிறவர்களைப் பற்றி. கிழக்கு ஜெருசலேமின் மூன்றரை லட்சம் சொச்சம் பாலஸ்தீனர்களில் பெரும்பாலோர் குடிமக்கள் இல்லை, நிரந்தரக் குடியிருப்பு உரிமை மட்டும் உள்ளவர்கள். சில வருடம் வெளியூரில் இருந்தால் அதுவும் போய்விடலாம், 1967-க்குப் பிறகு 14,000-க்கும் மேற்பட்டோர் அப்படி இழந்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்துக்கு ஓட்டுப் போட முடியாது. மாநகராட்சிக்குப் போடலாம், போட்டால் இஸ்ரேலின் ஆட்சியை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று பெரும்பாலோர் போடுவதில்லை. வரி மட்டும் கட்டியாக வேண்டும். பழைய நகரத்தின் மதிலுக்குத் தெற்கே சரிவில் சில்வான் என்ற பாலஸ்தீனக் குடியிருப்பு இருக்கிறது; அங்கே வீடு கட்ட அனுமதி கிடைப்பது அபூர்வம், அனுமதியில்லாமல் கட்டினால் இடிப்பு நோட்டீஸ். தமிழக அரசின் நிதியுதவியில் புனிதப் பயணம் போய்வருகிற நம் ஊர்க்காரர்கள் ஏணியைப் போட்டோ எடுத்து வருவார்கள், சில்வானைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

181-வது தீர்மானத்தில் ஆளுநரோடு, ஊர் மக்களே மத வேறுபாடின்றி ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஒரு சபையும் இருந்தது. ஆளுநரை நினைவு வைத்திருப்பவர்கள் அந்தச் சபையை மறந்துவிடுகிறார்கள். உங்கள் கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் கோபுரங்களையும் குவிமாடங்களையும் கொஞ்சம் ஓரம் வைத்துவிட்டு, மாநகராட்சித் தேர்தலைப் பற்றி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை